அத்தானின் கிற்றாரிலிருந்து கழற்றியவை

அத்தான் அந்தக் கிற்றாரை முதன்முதலாக என் கடை மேசையில் வைத்தபோது அது ஒரு மழைக்கோட்டுக்குள் இருந்தது. கொக்கிளாயிலிருந்து தண்ணீரூற்றுவரை மாரிமழையில் மோட்டார் சைக்கிளில் வந்தவர், வீட்டிலிருந்த ஒரேயொரு கோட்டைக் கிற்றாருக்குப் போட்டுவிட்டுத் தான் தெப்பலாக நனைந்திருந்தார். "கோட்டு ஆள் மாறிப் போட்டுது அத்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தலையைத் துவட்டத் துணி கேட்டார். கொடுத்தால் அதால் முதலில் கிற்றாரின் கழுத்தைத் துடைத்தார். பிறகு அதைக் கைக்குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்தி, "மூடிக் கிடக்கு மச்சான்" என்றார். "ஈரச்சாக்கால மூடினமாதிரிக் கிடக்கு சத்தம். திறந்து விடு."

அக்காவின் கணவர் என்பதால் அத்தான். தொழில் கடல். பைபர் படகின் பின்பக்க அணியத்தில் இஞ்சின் பிடித்தபடியே முப்பது வயதையும் நாற்பது வயதையும் கடந்தவர். மீதி நேரம் கிற்றார். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பவும் ஊருக்கு வந்து குடியேறியபோது, கோயிலுக்குக் கூரை வருவதற்கு முன்னமே பாடகர் குழு வந்துவிட்டதென்றால் அது அத்தானால். வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரன் ஒருவன் பாரம் கூடிவிட்டதென்று விட்டுப்போன மின்கிற்றார் அது. ஞாயிறு பூசையில் அது வணக்கமாக ஒலிக்கும். கலியாண வீட்டில் பைலாப் பாட்டும் ஆட்டமும் தொடங்கினால் அதே கிற்றார்தானா என்று கேட்கத் தோன்றும். நான் வருடத்துக்கு ஒருமுறை, பாலன் பிறந்த நத்தாருக்கு மட்டும் பூசைக்குப் போகிற கத்தோலிக்கன். ஆனால் கலியாண வீடுகளைத் தவறவிட்டதில்லை. ஆகவே அவருடைய வாசிப்பில் பாவமான பாதியையே நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

என் கடையில் றேடியோ, போன், ரைஸ்குக்கர், ரோச் லைற் எல்லாம் திருத்தப்படும். அதாவது, திருத்தித் தரப்படும் என்று பலகையில் எழுதியிருக்கிறது. மின்கிற்றாரை அதற்கு முன் நான் திறந்ததில்லை. அதைச் சொன்னால் மரியாதை கெட்டுவிடும் என்பதால், தினமும் இரண்டு கிற்றார் திறக்கிறவனைப்போல முகத்தை வைத்துக்கொண்டு முன்பலகையின் ஆணிகளைக் கழற்றினேன். உள்ளே உப்புக்காற்று தன் வேலையைப் பார்த்திருந்தது. கம்பிகள் பச்சை பூத்திருந்தன. வொலியூம் கொன்ரோலைத் திருப்பினால் மணல் அரைபடுகிற சத்தம். எனக்குச் சந்தோசமாகிவிட்டது. வருத்தம் கண்ணுக்குத் தெரிந்தால் வைத்தியன் பாதி வென்றவன்.

மின்கிற்றாரின் உள்வீடு மிகச் சிறியது. நரம்புக்குக் கீழே காந்தமும் அதைச் சுற்றித் தலைமயிரிலும் மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கும். அதுதான் பிக்கப். நரம்பு ஆடும்போது அதில் ஒரு பொட்டு மின்சாரம் பிறக்கும். அந்தப் பொட்டு, வொலியூம் கொன்ரோலையும் ரோன் கொன்ரோலையும் அதோடு தொங்குகிற கொண்டென்சரையும் தாண்டித்தான் வெளியே வரவேண்டும். தாண்டும்போது ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் கூர்மையை நிலத்துக்கு வடியவிடும். கொன்ரோலின் பெறுமதி கூடினால் வடிவது குறையும். கொண்டென்சரின் பெறுமதி குறைந்தாலும் அப்படியே. நான் இதை விளக்கத் தொடங்கியதும் அத்தான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்ப கண்ணி பெருத்த வலைமாதிரி. சின்ன மீனெல்லாம் போயிடும்."

"ஓம் அத்தான். இப்ப உங்கட வலையில நெத்தலி நிக்குதில்லை."

"எனக்கு நெத்தலி வேணும்" என்றார், மிகவும் தீவிரமாக.

அன்றிலிருந்து எங்கள் பேச்சில் கூர்மையான சத்தத்துக்குப் பெயர் நெத்தலி. துரு ஏறிய கொன்ரோல்களைத் தூக்கிவிட்டு, கம்பெனிக்காரன் போட்ட அதே பெறுமதியில், இருநூற்றைம்பது கிலோ ஓம்ஸில், புதிதாகப் போட்டேன். என் கடையின் சோதனை ஸ்பீக்கர் ஒரு பழைய றேடியோவின் வயிற்றிலிருந்து எடுத்தது. தேவதூதர் வந்து பாடினாலும் அதில் தொண்டை கட்டியதுபோலத்தான் கேட்கும். அதில் வாசித்துப் பார்த்து இருவரும் திருப்தியாகத் தலையாட்டினோம். அத்தான் அந்த மழைக்கோட்டை மறுபடியும் கிற்றாருக்கே போட்டுக்கொண்டு போனார்.

சில கிழமைகளில் திரும்பி வந்தார். கொஞ்சம் திறந்திருக்கு, காணாது என்றார். ஐந்நூறு கிலோ ஓம்ஸ் போட்டேன். வவுனியாவுக்குப் போய் வாங்கியபோது கடைக்காரன் எது வேண்டும், எதற்கு வேண்டும் என்று கேட்காமல் ஒரு பையை என் பக்கம் தள்ளினான். நானும் கேட்காமல் எடுத்து வந்தேன். நேர்ச்சீராக ஏறுகிற வகை அது. கிற்றாருக்கு வேண்டியது காதின் கணக்கில் ஏறுகிற வகை. விளைவு, அத்தான் குமிழை ஒரு மயிரளவு திருப்ப, காணிக்கைப் பாட்டின் நடுவில் கிற்றார் குதித்து எழுந்து சுவாமியாரைத் திடுக்கிட வைத்துவிட்டதாம். அதை மாற்றினேன். பிறகு ஒரு மெகா ஓம்ஸ். கொண்டென்சரை நாற்பத்தேழிலிருந்து இருபத்திரண்டுக்கும், அதிலிருந்து பத்துக்கும் இறக்கினேன். சத்தத்தைக் குறைத்தாலும் நெத்தலி மட்டும் தப்பிப் போகாதபடி வொலியூம் கொன்ரோலின் மேல் குறுக்கே ஒரு குட்டிக் கொண்டென்சரைப் பாலமாகப் போட்டேன். இதெல்லாம் நான் போனில் பார்த்துப் படித்தவை. உலகத்தின் எங்கோ மூலைகளில் இருக்கும் பெரிய மனிதர்கள் எண்ணெயில் ஊறிய கடதாசிக் கொண்டென்சர் நல்லதா, பிளாஸ்ரிக் நல்லதா என்று குடும்பப் பகைபோலச் சண்டை பிடித்திருந்தார்கள். அந்தச் சண்டையை வாசித்த உசாரில் கிளிநொச்சியில் செத்துப்போன வால்வு றேடியோ ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் கொண்டென்சரை உறுப்புத்தானம்போல எடுத்து வந்து அத்தானுக்குப் பொருத்தினேன். அது கசிந்தது. றேடியோ செத்ததற்குக் காரணமும் அதுதான் என்று பிறகு விளங்கியது.

ஒவ்வொரு முறையும் அத்தான் கிற்றாரை மடியில் வைத்துத் தலையைச் சரித்து வாசிப்பார். எப்பிடி என்று என்னையும் கேட்பார், நல்லம் என்பேன். ஒவ்வொரு முறையும் முகம் ஒரு கணம் விரிந்து, பிறகு மெல்ல அடைந்துகொள்ளும். "பரவாயில்லை" என்பார். அந்தப் பரவாயில்லைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கடலிலிருந்து வெறும் வலையோடு வருகிற நாளில் அக்காவிடம் சொல்கிற பரவாயில்லை அது. அந்தக் காலத்தில் அவருடைய போன் அடித்தால் அவர் எடுப்பதில்லை. அக்காவுக்குப் பயந்து எடுக்காமல் இருக்கிறார் என்று நான் பகிடி பண்ணுவேன், அக்காவும் சிரிப்பா. தண்ணீர் கொதித்துக் கேத்தில் விசிலடிக்க அடுப்படியிலேயே பேசாமல் இருந்தார் என்றும் அக்கா ஒருமுறை சொன்னா. அதற்கும் சிரித்தோம். எங்கள் குடும்பத்தில் எதற்கும் முதலில் சிரித்துவிடுகிற பழக்கம் இருக்கிறது.

அவ்வருடத் திருநாளுக்கு நான் கொக்கிளாய் போனேன். சாப்பாட்டுக்காகத்தான். திருநாளுக்கென்று வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கிகள் கோயில் முற்றத்தில் ஆளுயரத்துக்கு நின்றன. வருகைப் பாட்டு தொடங்கியது. ஓகனும் ட்ரம்ஸும் வந்தபின் அத்தானின் கிற்றார் வந்தது. எனக்கு முன்னால் நின்ற கிழவர் தோளைத் தூக்கிக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். கைக்குழந்தைகள் அழுதன. தகரத்தைத் தகரத்தால் கீறுவதுபோல, பல்லின் வேர்வரை போகிற சத்தம். விரல்களில் பிழையே இல்லை. சுரம், தாளம், எல்லாம் அத்தானுடையவைதான். அவ்வளவு அழகான ஒன்றை அவ்வளவு பயங்கரமாக ஒலிக்கச் செய்தது நான். அத்தான் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிய, பாடகர் குழுவை நடத்துகிற ரீச்சர், அக்காவின் தம்பி என்றளவில் மட்டும் தெரிந்த என்னைக் கண்டு கதைக்க வந்தா. காதிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டே வந்தா. சத்தங்களைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரைத் திருநாளன்று வாடகைக்காரர் பார்த்தாராம், வழமையாகக் கோயிலில் அது அவாவுடைய பக்கத்தில் இருக்குமாம். அத்தானின் கிற்றாரில் கூர்மையை அவா ஒவ்வொரு ஞாயிறும் குறைத்துவிடுவாவாம். அடுத்த கிழமை அவர் இன்னும் கூர்மையாகத் திருத்திக்கொண்டு வருவாராம். இவா இன்னும் குறைப்பாவாம். "இப்ப அந்தக் குமிழ் முட்டிப்போய் நிக்குது. இனிக் குறைக்க இடமில்லை" என்றா. அத்தானிடம் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். "அவர் இல்லையெண்டால் எங்களுக்கு ஒரு குழு இருந்திருக்குமோ? ஆர் அண்ணை போய்ச் சொல்லுறது? பூசை முடியக் கேப்பார், எப்பிடி ரீச்சர் எண்டு. நல்லம் எண்டுதான் எல்லாரும் சொல்லுறது." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆரோ தண்ணீரூற்றில ஒரு கடைக்காரனாம், அவன்தான் இப்பிடிச் செய்து குடுக்கிறான்" என்றா.

"அவனை எனக்குத் தெரியும் ரீச்சர்" என்றேன். "நல்ல பொடியன். கொஞ்சம் விசரன்."

வீடு திரும்பும்போது எனக்கு மனம் இலேசாக இருந்தது என்றால் நம்புவீர்களா? பிழை பிடிபட்டுவிட்டதே. கோயிலில் சத்தம் மூடிக் கிடந்ததற்குக் காரணம் மிக்சர். நான் கூட்டினதை ரீச்சர் குறைத்திருக்கிறா. அவா குறைத்ததை நான் கூட்டியிருக்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அகப்பட்டு மனுசன் அலைந்திருக்கிறார். நல்ல அம்பிளிபயர் ஒன்றில், ஒருவரும் குறைக்காமல், அவருடைய கிற்றாரை அவருக்கே ஒருதரம் கேட்கக் கொடுத்தால் போதும், எல்லாம் சிரிப்பாக முடிந்துவிடும். அந்தப் பகிடியை எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அடுத்த தெருவில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவரிடம் புது அம்பிளிபயர் ஒன்றை இரவல் வாங்கி மேசையில் வைத்துக் காத்திருந்தேன்.

அத்தான் வந்தார். நான் ஒன்றும் சொல்லத் தொடங்குமுன் அவர் தன் யோசனையைச் சொன்னார். கொன்ரோல் வேண்டாம், கொண்டென்சர் வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பிக்கப்பிலிருந்து நேரே வெளிச்சொக்கற்றுக்குக் கம்பி கொடு என்றார். "வலையே இல்லாமல் விடு, பாப்பம்." சரி, இதுவும் நல்லதுதான் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லாமல் கேட்டால் நெத்தலி எவ்வளவு இருக்கிறதென்று அவருக்கே தெரிந்துவிடும். மாதக்கணக்காகத் தேடித் தேடிப் பொருத்தியவற்றை ஒவ்வொன்றாக ஈயத்தை உருக்கிக் கழற்றி ஒரு பிளாஸ்ரிக் மூடியில் போட்டேன். கம்பியை நேரே ஒட்டினேன். அம்பிளிபயரில் கூர்மையை முழுதாகத் திருப்பிவிட்டேன்.

அத்தான் எல்லா நரம்பையும் சேர்த்து ஒரு முழுக் கோர்ட்டை இழுத்தார். மேசையிலிருந்த ஆணிகள் நடுங்கின. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, எங்களைத் திரும்பிப் பார்த்தபடி ரோட்டைக் கடந்து போனது. எனக்கு இரண்டு காதும் கூசின. அத்தான் தலையைச் சரித்து, மெல்லிய நரம்பை மட்டும் திரும்பத் திரும்பத் தட்டினார். முகம் விரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் மூடித்தான் மச்சான் கிடக்கு" என்றார்.

நான் அம்பிளிபயரைப் பார்த்தேன், கம்பியைப் பார்த்தேன், அவருடைய முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தேன். அவர் நரம்பைத் தட்டுவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய கண் அந்தப் பிளாஸ்ரிக் மூடிக்குப் போனது. அதில் கிடந்தவற்றை விரலால் கிளறினார்.

"இனிக் கழட்ட என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை அத்தான்."

"ஒண்டுமே இல்லையோ?"

"நரம்பும் காந்தமும்தான் மிச்சம்."

அவர் கையை எடுத்தார். சத்தம் நின்றது. தேத்தண்ணிக் கடைக்காரர் உள்ளே போனார். அத்தான் சின்னப் பிள்ளைகள் செய்வதுபோல வலது காதை உள்ளங்கையால் பொத்தித் திறந்தார், பிறகு இடது காதை. தேத்தண்ணி குடிப்போமா என்றேன். அவர் வேறு எதையோ கேட்டதுபோல, "ஓம், ஓம்" என்றார்.

அக்காவும் நானும் அவரை வவுனியாவுக்குக் கூட்டிப்போனோம். கண்ணாடிப் பெட்டிபோல ஒரு அறைக்குள் இருத்தி, காதில் மாட்டிவிட்டு, கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்று பார்த்தோம். நெடுநேரம் ஒன்றையும் அழுத்தாமல், மிகவும் கவனமாக, நல்ல மாணவனைப்போல உட்கார்ந்திருந்தார். வயது, இஞ்சின், அந்த நாளைய யுத்தத்துச் செல்லடி என்று டொக்டர் மூன்றையும் சொன்னார், எது எவ்வளவு என்று சொல்லமுடியாது, போனது திரும்பாது என்றார். பிறகு வரைபடத்தைக் காட்டினார். இடப்பக்கம் நேராகப் போன கோடு வலப்பக்கம் வர வர விழுந்து கிடந்தது. கூர்மை கூடக் கூடக் கீழே. எனக்கு அந்தக் கோடு தெரிந்த கோடு. கொண்டென்சர் எதை எப்படி வடியவிடும் என்று பார்க்க நான் போனில் திறந்து திறந்து பார்த்தது அதே சரிவைத்தான். என் தொழிலில் அதைக் கழற்றலாம். அத்தான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நெத்தலி முழுக்கப் போட்டுது" என்றார். டொக்டருக்கு விளங்கவில்லை.

காதுக்கருவி வந்தது. பேச்சு விளங்கியது. அதைப் போட்டுக்கொண்டு கிற்றாரை ஒருமுறை வாசித்தார், காதுக்கருவியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார். வாளிக்குள் காசு போட்டதுபோல் இருக்கிறதாம். பிறகு ஒருநாள் கிற்றாரோடு கடைக்கு வந்தார். "என்ர காதை விடு. உங்களுக்கு நல்லாக் கேக்கிறமாதிரிப் போட்டுத் தா" என்றார். என் வாழ்க்கையில் எந்த வேலையையும் நான் அவ்வளவு பக்தியாகச் செய்ததில்லை. காதின் கணக்கில் ஏறுகிற நல்ல இருநூற்றைம்பதுகளைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். அந்தப் பெறுமதி என்று அச்சடித்திருந்தாலும் ஒவ்வொன்றும் உண்மையில் ஒவ்வொரு அளவு இருக்கும் என்பதால் மீற்றரில் அளந்து அளந்து தெரிந்தேன். கொண்டென்சர்களை முதலைவாய்க் கிளிப்பில் கவ்வி மாற்றி மாற்றிக் கேட்டேன். முப்பத்துமூன்றில் வந்து நின்றது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? கூர்மை இருந்தது, குத்தவில்லை. கனம் இருந்தது, மூடவில்லை. அந்தக் கிற்றார் பிறந்த நாளிலிருந்து அப்படி ஒலித்திருக்காது.

அடுத்த ஞாயிறு நத்தார் இல்லாதிருந்தும் நான் பூசைக்குப் போனேன். ரீச்சர் மிக்சரைத் தொடவேயில்லை. நன்றிப் பாட்டில் அத்தான் தனியாக வாசித்த இடத்தில் ஓகன்காரன் தன் கையை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பூசை முடிய எல்லாரும் அத்தானைச் சூழ்ந்துகொண்டார்கள். உண்மையாகவே நன்றாயிருந்தது என்றார்கள். ரீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா. சுவாமியார் சொன்னார். அத்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவர் அக்காவைக் கூப்பிட்டார். "முந்தியும் நல்லம் எண்டுதானே சொன்னவை?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தா. ரீச்சரின் பஞ்சுக் கதையைப் பகிடியென்று அவருக்குச் சொன்னது நான்தான். "காதுக்குப் பஞ்சு வைச்சுக்கொண்டு நல்லம் எண்டு சொன்னவை. அதே முகம். அதே சொல்லு. இப்ப நான் என்னத்தைக் கண்டு நம்புறது?" இந்தமுறை மெய்யாகவே நல்லது என்று அக்கா சொன்னா. நானும் சத்தியம் பண்ணினேன். அவர் எங்கள் இருவரையும் கோபமே இல்லாமல் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம்.

அதோடு நிறுத்திவிட்டார். எழும்பி ஆடுகிற கலியாண வீடுகளிலும் இப்போது அவர் பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். கடலுக்கு மட்டும் போகிறார். இஞ்சின் இரைவதை உள்ளங்கையாலேயே கேட்கிறாராம், எந்தப் பிளக்கில் கோளாறு என்றுகூடக் கை சொல்லிவிடுமாம். காதைத் தின்ற இஞ்சினோடு மட்டும் அவருக்கு இன்னும் பேச்சுவார்த்தை இருக்கிறது.

கிற்றாரை என் கடையில் கொண்டுவந்து விட்டார். உப்புக்காற்று குறைவு, இங்கே கிடக்கட்டும் என்றார். போன கிழமை ரோச் லைற் திருத்த வந்த அத்தான் அது சுவரில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, அதை எடுத்து அம்பிளிபயரில் மாட்டி, எனக்குத் தெரிந்த ஒரேயொரு கோர்ட்டைப் பிடித்தேன். என் விரல்களுக்கு மரக்கறி வெட்டவே ஒழுங்காக வராது. பாதி நரம்பு செத்துப்போய், மீதி ஒன்றோடொன்று மோதியது.

அத்தான் நரம்புகள் ஆடி அடங்கும்வரை பார்த்தார். "எப்பிடி?" என்று கேட்டார்.

"கேக்கேலாது அத்தான்" என்றேன். "நாய்கூட நிக்காது."

அவர் சிரித்தார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு, தோள் குலுங்க, நான் சொன்ன ஒன்றுக்குச் சிரித்தார். "ஓம், அதை நம்பிறன்" என்றார். ரோச் லைற்றை எடுத்து இரண்டு தரம் எரித்து அணைத்துப் பார்த்துவிட்டு வாசல்வரை போனவர், அங்கேயே நின்றார்.

"உன்னட்டை நான் எத்தினை தரம் கேட்டனான், ரீச்சரிட்டை எத்தினை தரம் கேட்டனான். எனக்கு ஒருத்தரும் ஏன்டா இப்பிடிச் சொல்லேல்லை?"